திருப்பிப் போட்ட மேலங்கிகள்

அன்பு மனைவிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? அத்தா வேளைக்கு மாத்திரை போடுகிறாரா?

பதறாதே, பக்கத்துக் குடியிருப்பில் தீப்பிடித்தது. உயிர்ச்சேதமில்லை; நான் தூரத்தில்தான் நின்றேன். அங்கிருந்தவர்களை இரண்டு மண்டபங்களில் தங்கவைத்தார்கள். இந்த ஊரில் உள்ள நம் தமிழ்ச் சங்கங்கள் மூன்றும் சாப்பாட்டோடு ஓடிவந்தன. மூன்றும் முன்மண்டபத்துக்கே! பின்மண்டபம் பட்டினி கிடக்க, யார் பேனர் முன்னால் என்று தலைவர்கள் மல்லுக்கு நின்றார்கள்.

நான் வாராவாரம் பயிற்சி கொடுக்கும் மூன்று சங்கத்துத் தொண்டர் பிள்ளைகளில் வாயாடி ஒருத்தி உண்டே, அவள் கேட்டாள்: "அண்ணே, சங்கம் பேரு போட்ட மேலங்கியைத் திருப்பிப் போட்டுக்கலாமா? யாரு எந்தச் சங்கம்னு தெரியாதுல்ல?"

நான் வாய் திறப்பதற்குள் எல்லாப் பிள்ளைகளும் திருப்பிவிட்டார்கள். பேனர்கள் குழந்தைகளுக்குப் பாயாயின. கடைசியில் தலைவர்களும் திருப்பிப் போட்டுக்கொண்டு பின்மண்டபத்தில் பரிமாறினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

என் மேலங்கியைத் திருப்பியபோதுதான் தோளில் ஓட்டை தெரிந்தது. தீப்பொறி இல்லை, ஆணியில் மாட்டியிருக்கும். யாராவது வந்தால் ஊசியும் நூலும் கொடுத்தனுப்பு. இங்கேயும் கிடைக்கும்தான். ஆனாலும் உன் தையல்பெட்டியிலிருந்தே எடுத்து அனுப்பு.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

உன்னவன்