அவனுக்கொரு சாவிவளையம்

அன்புள்ள வீட்டம்மாவுக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா? இங்கே தொழிலாளர்கள் வேலை முடிந்த அலுப்போடு வந்தாலும் ஆர்வமாக ஆங்கிலம் படிக்கிறார்கள்.

இந்த வாரப் பாடம், இழப்பைச் சொல்லும் தொடர்கள். ‘லாஸ்ட் ஹிஸ் கீஸ்’, ‘லாஸ்ட் ஹிஸ் வே’, ‘லாஸ்ட் ஹிஸ் டெம்பர்’ என்று பலகையில் எழுதினேன். என் பழக்கம் உனக்குத் தெரியுமே, எல்லா உதாரணத்திலும் நம் பையன்தான். அவன் சாவியைத் தொலைத்தான், வழி தவறினான், பொறுமையிழந்து கத்தினான். வகுப்பே சிரித்தது.

“என்ன சார், உங்க பையன் ஒண்ணையும் உருப்படியா வச்சுக்க மாட்டாரா? இப்ப எங்க இருக்காரு?” என்று வெல்டர் கேட்டார்.

அவன் இறந்து இரண்டு வருஷமாகிறது என்று சொல்ல வாய் வரவில்லை. “வீட்லதான் இருக்கான்” என்றுவிட்டேன்.

மறுநாள் எல்லாரும் சேர்ந்து அவனுக்கு ஒரு சாவிவளையம் வாங்கி வந்தார்கள். “இனிமே தொலைக்க மாட்டாரு சார்!”

ஒருவரை இழப்பதைச் சொல்லும் தொடர் மட்டும் பாக்கி. அதைத் தள்ளித் தள்ளிப் போடுகிறேன். வெறும் வளையம்தான், ஆனாலும் நடக்கும்போது சட்டைப்பையில் சாவிச் சத்தம் கேட்கிறது.

வேறொன்றுமில்லை. இரண்டு பனியன் அனுப்பு. ஆணியில் தொங்கும் அவன் சாவியையும் கூடவே வை. மணி அடிக்கிறது, போகிறேன்.

உன் வாத்தியார்