திவசத்தன்று நிறுத்திய மாத்திரை

வலியசாலை,
திருவனந்தபுரம்,
3-5-1974

சிரஞ்சீவி அனந்தநாராயணனுக்கு மன்னி மங்கலம் ஆசீர்வாதம். இரு வீட்டிலும் க்ஷேமம் என்று தொடங்குவதுதான் முறை. இங்கே க்ஷேமம் இல்லை, பொய் எழுத எனக்கு மனமும் இல்லை.

உன் கடிதம் வந்தது. அண்ணா ஏன் பதில் போடுவதில்லை, இங்கிலீஷ் மருந்தைக் கொடுத்துக் கொடுத்து அவர் புத்தியை நான் மழுக்கிவிட்டேனா என்று கேட்டிருக்கிறாய். பிலாயில் உட்கார்ந்துகொண்டு நன்றாகக் கேட்டாய். யார் மழுக்கியது என்று நீயே படித்துப் பார்.

தை மாதம் மாமனார் திவசத்துக்கு வந்தாயே. பிரஷர் மாத்திரையை ஒரு நாள்கூட விடக்கூடாது என்று டாக்டர் யோசுவா சொல்லியிருந்தார். சாஸ்திரிகளைக் கேட்டு, அவரும் தலையாட்டிய பிறகுதான் நான் மாத்திரையும் தண்ணீருமாக வந்தேன். பித்ருக்கள் சாப்பிடுமுன் இவர் வாயில் ஏதாவது போனால் அப்பா பட்டினியாகத் திரும்பிப் போவார் என்று குப்பியைப் பிடுங்கிப் பரணில் வைத்தவன் நீ. அதோடு விட்டாயா? பந்தியில் எல்லார் முன்னாலும், மூன்று மணி நேரம் மந்திரம் பிசகாமல் சொன்னவருக்கு என்ன வியாதி, மாத்திரைதான் ஞாபகத்தைத் தின்கிறது, இனிமேல் தொடாதேங்கோ அண்ணா என்றாய். அவர் சரி என்றார். நான் வாயைத் திறந்தேன். மன்னிக்கு என்ன தெரியும் என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பு இன்னும் எனக்கு எரிகிறது.

நீ ரயிலேறிய பிறகு, நான் தினம் கொடுத்ததை விழுங்குவது போல் காட்டிவிட்டுக் மூக்குக்கண்ணாடிக் கூட்டில் ஒளித்திருக்கிறார். முப்பத்தொரு மாத்திரை. சாலைக் கடைவீதியில் வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றவரைப் பழக்கடை மைதீன் கைபிடித்துக் கூட்டி வந்த அன்றுதான் அது எனக்குத் தெரிந்தது. பேரு கேட்டாலும் ஸார் முழிக்காரு அம்மா என்றான் மைதீன். முன்பே கொஞ்சம் மறதி உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வழி தவறியதில்லை. ஏறிய பிரஷர் மூளைக்குப் போகிற சின்னச் சின்ன ரத்தக் குழாய்களைக் கெடுத்துவிட்டது, போனது போயாச்சு, உள்ளதையாவது ரட்சிக்கணும், இனி ஒரு நாள்கூட மாத்திரை முடங்கப்படாது என்றார் டாக்டர்.

இப்போது என்னை மாமி என்று கூப்பிடுகிறார். எந்தாத்து மாமி என்றும் கேட்கிறார். அதை நான் பொறுத்துக்கொள்வேன். மாத்திரையை நீட்டினால் மட்டும், அனந்து வேண்டாம்னு சொல்லியிருக்கான் என்று வாயை இறுக்கிக்கொள்கிறார். எல்லாம் போன தலையில் நீ சொன்னது ஒன்று மட்டும் உட்கார்ந்திருக்கிறது. சாப்பிடச் சொல்லி நீ எழுதியது போல் நானே ஒரு கடிதம் எழுதிக் காட்டினேன். அனந்து கையெழுத்து இப்படி இருக்காது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பாலில் பொடித்துக் கலந்தேன். இந்த மாமி எனக்கு ஏதோ போடறா என்று பக்கத்து வீட்டுத் தங்கபாயிடம் சொல்லியிருக்கிறார்.

நீ கிளம்பும்போது, இனி இந்தப் படி மிதிக்காதே என்றேன். அந்தக் கோபம் ஆறவில்லை, ஆறும் என்றும் தோன்றவில்லை. ஆனாலும் வா. லீவு இல்லை என்று எழுதாதே. அண்ணா எதிரில் உட்கார்ந்து, சாப்பிடுங்கோ அண்ணா என்று உன் வாயால் சொல். நான் சொன்னால் கேட்கமாட்டார். சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்கே போய்விடு, நான் தடுக்கமாட்டேன்.

நீ தீர்க்காயுசாக இரு. உன் முகமும் அவருக்கு மறந்து போவதற்குள் வந்து சேர்.

மங்கலம்