டிராம்காரப் பெண் தட்டிய கதவு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம். அப்பாவின் முழங்கால் வலி மாடிப்படியைப் பார்த்தால் வருகிறது, சீட்டுக்கட்டைப் பார்த்தால் போய்விடுகிறது, அதனால் அதைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். நீ நலமா என்று இந்தத் தடவை நான் கேட்கப் போவதில்லை. சீருடை போட்ட ஒரு டிராம் டிரைவரே உன் வாசலில் வந்து நேரில் பார்த்து, நலமாகத்தான் இருக்கிறாள், கொஞ்சம் கோபமாக இருக்கிறாள் என்று எனக்குச் சொல்லிவிட்டார். அதற்கு மேல் எந்தத் தாய்க்கு என்ன சான்றிதழ் வேண்டும்? ரெண்டு வாரத்துக்கு எனக்கு போன் பண்ணாதே, என் மானமே போச்சு என்று கத்திவிட்டு வைத்தாய். சரி, போன் பண்ணவில்லை. கடிதம் போடாதே என்று நீ சொல்லவில்லையே. நான் வளர்த்த பெண்தானே நீ, சொல்வதைச் சரியாகச் சொல்ல வேண்டாமா?

நடந்தது முழுவதையும் என் பக்கத்திலிருந்து ஒரு தடவை கேள். போன வருஷம் நீ வந்திருந்தபோது, நான் போனில் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பெரிய வலைத்தளத்தில் முன்பின் தெரியாதவர்களின் சண்டையும் செருப்பு விளம்பரமும்தான் வருகிறது என்று புலம்பினேன். நீதான் என் கையிலிருந்து போனை வாங்கி, இதைத் தூக்கிப் போடும்மா, வேற ஒண்ணு இருக்கு, அதுக்கு முதலாளின்னு ஒரு கம்பெனி கிடையாது, சின்னச் சின்ன வீடு மாதிரி ஆயிரக்கணக்குல இருக்கும், ஒவ்வொரு வீட்டையும் யாரோ ஒருத்தர் பார்த்துக்குவாங்க, ஆனா எந்த வீட்டுல இருந்தும் எந்த வீட்டோடவும் பேசலாம் என்று விளக்கினாய். அப்புறம் நம் நாட்டுக்காரர்கள் மட்டும் சேர்ந்து நடத்தும் வீட்டில், நீயும் இருந்த அதே வீட்டில், எனக்கும் ஒரு கணக்கு திறந்து கொடுத்தாய். எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. அங்கே ஓடும் பதிவுகளெல்லாம் எனக்கு வந்த கடிதம் என்று நினைத்து, பதில் போடாவிட்டால் மரியாதை இல்லையே என்று பத்து நாள் ஒருத்தர் விடாமல் எல்லாருக்கும் பதில் எழுதினேன். பல்வலி என்று எழுதியவனுக்கு உப்புத் தண்ணீர் கொப்பளி என்றேன், வேலை கிடைத்தது என்றவளுக்கு முதல் நாளே சீக்கிரம் போ என்றேன். அந்த வீட்டைப் பார்த்துக்கொள்பவர், நாய் பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கும் அந்த டாக்டர், அம்மா எல்லாருக்கும் எழுதணும்னு கட்டாயம் இல்லை, கை வலிக்கப் போகுது என்று தனியாகத் தகவல் அனுப்பினார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நிறுத்திவிட்டேன். மூன்றாம் நாள் அந்தப் பல்வலிக்காரனே, எல்லாருக்கும் பதில் போடுற அத்தை எங்கே காணோம் என்று கேட்டானே, நினைவிருக்கிறதா? அன்றைக்கு ஒட்டிக்கொண்டேன் அந்த வீட்டோடு.

அதில் என்னம்மா இருக்கு, எப்பப் பார்த்தாலும் போன் என்று அப்பா கேட்பார். என்ன இருக்கிறதா? லைசென்ஸ் ஆபீசில் டோக்கன் மிஷின் கெட்டுப்போன படத்தை ஒருத்தர் போட்டால் நாடே சிரிக்கிறது, ஏன் சிரிக்கிறோம் என்று ஒருத்தருக்கும் விளக்க வேண்டியதில்லை. மழை வந்தால் மேற்கே ஒருத்தர் ஆரம்பிச்சிடுச்சு என்று எழுதுவார், அரை மணி கழித்து நடுவில் ஒருத்தி இங்கேயும் என்பாள், அடுத்து எங்கள் பஸ் டிப்போ பக்கத்தில் ஒருத்தர் எழுதுவார், நான் எழுந்துபோய்க் கொடியில் கிடக்கும் துணியை எடுத்துவிடுவேன். ஒருநாள் வெயில் கொளுத்தும்போது நான் துணி எடுப்பதைப் பார்த்து உன் அப்பா, உனக்குக் கிறுக்கு பிடிச்சிருச்சு என்று தன் சட்டையை மட்டும் கொடியில் விட்டுவைத்தார். அந்தச் சட்டையைப் பிழிந்தபோது வந்த தண்ணீரில் பாத்திரம் கழுவியிருக்கலாம். இப்போதெல்லாம் காலையில் அவரே, உங்க ஆளுங்க மழையைப் பத்தி என்ன சொல்றாங்க என்று கேட்கிறார்.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். போன குளிர்காலத்தில் நீ நான்கு நாள் காய்ச்சலில் தனியாகக் கிடந்தாய். ஒரு மாதம் கழித்து ஏதோ சிரிப்புக் கதைபோல அதை எங்களிடம் சொன்னாய். நீ சிரித்தாய், நாங்களும் சிரித்தோம், போனை வைத்ததும் நான் குளியலறைக்குள் போய் அழுதேன். நீ கதவைத் திறக்காவிட்டால் திறக்கவில்லையே என்று கவனிக்க அந்த ஊரில் ஒரு ஆள் இல்லை, அதுதான் அன்றிலிருந்து என் நெஞ்சில் முள்ளாக நின்றது. வேலை இருக்கிறதா, சாப்பிட்டாயா என்றெல்லாம் ஒப்புக்குத்தான் கேட்டேன். உன் கதவை யார் தட்டுவார்கள் என்பதுதான் என் ஒரே கேள்வி. அதற்காகத்தான் தினமும் காலையில் பல் துலக்கியதும் உன் பக்கத்தைத் திறந்து பார்ப்பேன். அப்பா என் போனின் முகப்பிலேயே அதற்கு ஒரு படம் வைத்துக் கொடுத்திருந்தார், அதை அமுக்கினால் நேராக உன் பக்கம் வரும். நீ ஏதாவது எழுதியிருந்தால் சரி, பெண் எழுந்துவிட்டாள் என்று மூக்குக் கண்ணாடிக் கடை வேலைக்குக் கிளம்புவேன். அந்தப் பக்கத்தில் ஒன்பது நாளாக ஒன்றுமே இல்லை. சரி, வேலை அதிகம் என்று நினைத்தேன். வியாழக்கிழமை போன் அடித்தால் அணைத்து வைத்திருக்கிறது என்றது, வெள்ளிக்கிழமையும் அதேதான். சனிக்கிழமை மத்தியானம் கடையில் ஒரு பெரியவருக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டிருக்கிறேன், கவனம் உன் மேலேயே இருந்து அவர் காதில் குத்திவிட்டேன். அவர் ஐயோ என்றதும் எனக்கும் அழுகை வந்துவிட்டது. முதலாளி என்னைப் பின்னறையில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

அங்கே உட்கார்ந்துதான் போனைத் திறந்து நம் நாட்டுக்காரர்களின் அந்த வீட்டில் எழுதினேன். என் மகள் இன்ன நாட்டில் இருக்கிறாள், ஒன்பது நாளாகச் சத்தம் இல்லை, போனும் இல்லை, யாருக்காவது அங்கே யாரையாவது தெரியுமா என்று. இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது. டாக்டர் முதலில் சொன்னது, அம்மா, விலாசத்தை மட்டும் இங்கே எழுதிடாதீங்க, உலகமே பார்க்கும் என்பதுதான். அதற்குள் விலாசத்தில் பாதியைத் தட்டியிருந்தேன், அழித்தேன். அவர் உடனே நீ இருக்கும் நாட்டுக்காரர்கள் நடத்தும் வீட்டின் கதவைத் தட்டி, இந்தப் பேரில் ஒரு பெண், அவள் அம்மா பயந்துபோயிருக்கிறார் என்று எல்லாருக்கும் பொதுவான மொழியில் எழுதினார். முதல் பதில் வந்தது. டாக்டர் அதை நம் மொழியில் எனக்கு மாற்றிச் சொன்னார். விலாசம் வேண்டாம், அவளை எங்களுக்குத் தெரியும். அவ்வளவுதான் இருந்தது அதில். அவளை எங்களுக்குத் தெரியும். அந்த ஒரு வரியை நான் எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. அடுத்து ஒருவர், ஞாயிற்றுக்கிழமை எங்களோடு நடக்க வருவாளே அவள்தானே என்றார். இன்னொருவர், என் சைக்கிள் பம்ப் அவளிடம்தான் இருக்கிறது என்றார். அதைத் திருப்பிக் கொடு முதலில். நான்காவதாக ஒரு பெண், என் டிராம் ஷிப்ட் இப்போதுதான் முடிந்தது, அவள் தெரு வழியாகத்தான் வீட்டுக்குப் போகிறேன், தட்டிப் பார்க்கிறேன் என்று எழுதினார். அதற்குப் பிறகுதான் இன்னொருவர் வந்து நிதானமாக, அவள் போன் தண்ணீரில் விழுந்து ரிப்பேருக்குப் போயிருக்கிறது, திங்கட்கிழமை வரும் என்று செவ்வாய்க்கிழமையே கம்ப்யூட்டரிலிருந்து இங்கே எழுதினாளே என்றார். அதற்குள் டிராம்காரப் பெண் உன் படியேறிவிட்டார், அவரை யார் நிறுத்துவது?

மீதியை நீயே சொன்னாய், சொன்னாய் என்ன, பக்கத்து வீட்டு போனை வாங்கிக் காது கிழியக் கத்தினாய். வாயில் பிரஷ்ஷோடு கதவைத் திறந்தால் தொப்பியும் சீருடையுமாக ஒரு ஆள் நிற்க, டிக்கெட் இல்லாமல் போன பயணத்தையெல்லாம் நினைத்து நடுங்கினாயாமே. எத்தனை பயணம் அப்படிப் போனாய் என்று நேரில் வரும்போது கேட்டுக்கொள்கிறேன். அவர், உன் அம்மாதான் அனுப்பினார் என்றதும் நீ நுரையோடு கத்தியது மூன்றாவது மாடிவரை கேட்டதாம். உன் ஆபீசில் எல்லாரும், அம்மா கிட்ட சொல்லிட்டு வந்தியா என்று கேட்கிறார்களாம். கேட்கட்டுமே. உன் ஊர்க் கணக்கில் காலை பத்தரை மணிக்குப் பல் துலக்குகிற பெண்ணைப் பற்றி நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை, அதற்கு நன்றி சொல்.

ஆனால் தப்பு என்னுடையது, அதை ஒப்புக்கொள்கிறேன். எல்லாம் அடங்கியபின் டாக்டர் பொறுமையாக, அம்மா, உங்க பொண்ணு பக்கத்துல மேல ஒரு சாம்பல் கலர் வரி இருக்கே, பார்த்தீங்களா என்று கேட்டார். பார்த்தேன். இவர் வேறு வீட்டுக்குக் குடிபோய்விட்டார் என்று எழுதி, அந்தப் புதிய வீட்டின் முகவரியும் இருந்தது. ஒன்பது நாளும் அங்கேயேதான் இருந்திருக்கிறது. மேலே வருவதெல்லாம் விளம்பரம் என்று பழைய தளத்தில் பழகிய கண், அந்த வரியைத் தாண்டித் தாண்டிக் கீழே போயிருக்கிறது. அங்கே விளம்பரமே கிடையாது என்று நீ பத்து தடவை சொல்லியும்! ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் கடைசி வரியைப் படிங்க என்று கண் பார்க்கும் அட்டையைக் காட்டுகிறவள், முதல் வரியைப் படிக்கலையாம் என்று உன் அப்பா சித்தி வீடுவரை போய்ச் சொல்லிவிட்டு வந்தார். சிரித்து முடித்தபிறகுதான் எனக்குச் சுருக்கென்றது. நீ நம் வீட்டை விட்டுப் போய்விட்டாய். உனக்கு மறைப்பானேன், நீ நம் நாட்டு வீட்டில் இருக்கும்வரை என்றைக்காவது திரும்பி வந்துவிடுவாய் என்று எனக்குள் ஒரு நம்பிக்கை வைத்திருந்தேன். இரண்டு நாள் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தேன். உன் அப்பா சீட்டைக் கலைத்துக்கொண்டே, அவ இங்கேயே இருந்திருந்தா சனிக்கிழமை யாரு போய்க் கதவைத் தட்டியிருப்பா, நாய் டாக்டரா என்றார். உருட்டிய பாத்திரத்தையெல்லாம் அடுக்கி வைத்தேன். மனுஷன் சீட்டாட்டத்திலும் இப்படித்தான், சும்மா இருந்து கடைசியில் கவிழ்த்துவிடுகிறார்.

அதன்பிறகு உன் புதிய வீட்டுக்குப் போய், நீ எழுதியதையெல்லாம் முதலிலிருந்து படித்தேன். மொழிபெயர்க்கும் பொத்தான் பாதி உளறுகிறது, இருந்தாலும் புரிகிறது. எந்தச் சரிவில் பனி உறைந்து வழுக்கும் என்று ஒருத்தர் கேட்டால் நீ பதில் போடுகிறாய். புதிதாக வந்த ஒரு பையனுக்கு எந்தக் கடையில் கம்பளி மலிவு என்று எழுதியிருக்கிறாய். ஒருத்திக்குத் தொண்டை வலி என்றால் உப்புத் தண்ணீர் கொப்பளி என்கிறாய். எல்லாருக்கும் பதில் போடுகிறாயடி! என்னைக் கிண்டல் செய்தாயே, இப்போது நீயே அங்கே ஒரு அத்தையாகிவிட்டாய். படித்துப் படித்துச் சிரித்தேன், அப்பாவை எழுப்பி வாசித்துக் காட்டினேன், எனக்கு அவ்வளவு சந்தோஷம். உன்னைத் தொடர்வதற்கான பொத்தானையும் நானே அமுக்கிவிட்டேன், யாரையும் கேட்கவில்லை. இனி நீ எந்த வீட்டுக்கு மாறினாலும் நானும் தானாகப் பின்னாலேயே வருவேனாம், டாக்டர் சொன்னார்.

டிராம்காரப் பெண்ணும் நானும் இப்போது நல்ல பழக்கம். டிராம் ஓட்டும்போது அவர் கண்ணாடி மூக்கிலிருந்து வழுக்குகிறதாம், ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு விரலால் தள்ளிவிடுகிறாராம். அதைக் கேட்டுவிட்டு நான் சும்மா இருப்பேனா? படம் அனுப்பச் சொல்லி அளவு பார்த்து, கடையிலிருந்து மூக்கில் உட்காரும் மெத்தென்ற சிறு ரப்பர் இரண்டு ஜோடி எடுத்து இந்தக் கவருக்குள் காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறேன், உதறிவிடாதே. பொடி ஸ்க்ரூவும் இருக்கிறது. மாட்டத் தெரியாவிட்டால் நீ மாட்டிக் கொடு, பள்ளிக்கூட விடுமுறையில் கடையில் உட்கார்ந்து எத்தனை மாட்டியிருக்கிறாய். குளிருக்குக் காதை மூடிக்கொள், போன் வைத்துக்கொண்டு பாத்திரம் கழுவாதே, டிக்கெட் வாங்கு. உன் புதிய வீட்டுக்காரர்களோடேயே இரு கண்ணு. திரும்பி வா என்று இனி நச்சரிக்க மாட்டேன், வந்தால் வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன்.

நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், உன்னைச் சுற்றி எப்போதும் நாலு பேர் இருக்க வேண்டும், இதுவே எங்கள் இருவருடைய ஆசீர்வாதம். சைக்கிள் பம்ப்பை மறக்காதே. இந்த ரப்பரை டிராமில் வைத்தோ தெருவில் பார்த்தோ கொடுத்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போய், பல் துலக்கிவிட்டுப் போய், இந்தத் தடவை நீ கதவைத் தட்டு. யார் என்று கேட்டால், அம்மா அனுப்பினாள் என்று சொல்.

உன் மேல் கோபமே வராத,
அம்மா