திரைக்கு முதுகைக் காட்டி

இன்று ஆபரேஷன் தியேட்டருக்குப் புது ரோபோ வந்திருக்கிறது. அதன் கைகளுக்கு மாட்டும் பிளாஸ்டிக் உறையைப் பிரித்ததும் புது மழைக்கோட்டு வாடை அடித்தது. நீ இருந்திருந்தால் மூக்கைச் சுளித்துக்கொண்டு, "வாடையே சரியில்லட்டி" என்றிருப்பாய். எனக்கும் அப்படித்தான் பட்டது. சந்தேகப்படுவதை உன்னிடமிருந்துதான் தொற்றிக்கொண்டேன்.

தொண்ணூறுகளில் திருநெல்வேலியிலிருந்து வந்து இந்தப் புனே ஆஸ்பத்திரியில் நாம் ஆபரேஷனில் கருவி எடுத்துக் கொடுக்கும் ஸ்கிரப் நர்ஸாகச் சேர்ந்தபோது, டாக்டரின் கை நம் எதிரிலேயே இருந்தது. உள்ளங்கை விரிகிற விதத்திலேயே கத்தரியா கிளாம்ப்பா என்று தெரிந்துவிடும். அடுத்த பத்தாண்டின் கடைசியில் முதல் ரோபோ வந்தது. டாக்டர் மூலையில் ஒரு பெட்டிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். குரல் மட்டும் ஸ்பீக்கரில் வந்தது. கட்டிலில் கிடப்பவரின் மேல் இரும்புக் கைகள் கவிந்து நின்றன.

பழக்கிக்கொடுக்க வந்த கம்பெனிக்காரன் சிரித்துச் சிரித்துப் பேசினான். அந்தச் சிரிப்பையே நீ நம்பவில்லை. உன் வீட்டுக்காரர் போசரித் தொழிற்பேட்டையில் பிரஸ் மிஷினில் வேலை பார்த்தவர். "அங்க ஒருத்தன் வெரல் போச்சு. மிஷினு அது பாட்டுக்கு ஓடிட்டுதான் இருந்துச்சாம். அதுக்கு என்ன தெரியும்?" என்பாய். நான் வேலையைச் சீக்கிரம் பிடித்துக்கொண்டேன். உறை மாட்டுவதில் எனக்குப் பெருமைகூட வந்துவிட்டது. "நீ மிஷின் கட்சி" என்று என்னையும் சந்தேகப் பட்டியலில் சேர்த்தாய்.

ஒருநாள் ஆபரேஷன் முடிந்து துணியை விலக்கியபோது, ஒரு பெண்ணின் கன்னத்தில் சிவந்த தடம் இருந்தது. கேமரா பிடித்த கை தாழ்ந்து, துணிக்கு மேலே அவள் முகத்தை அழுத்தியிருக்கிறது. மூலையில் இருந்த டாக்டருக்கு அது தெரிய வழியில்லை. மயக்க டாக்டரின் கண் அவருடைய மானிட்டரில். எங்கள் எல்லோருடைய கண்ணும் வயிற்றுக்குள் நடப்பதைக் காட்டும் டிவித் திரையில். கம்பெனிக்காரன் அதற்கும் சிரித்தான், தானாகப் போய்விடும் என்றான். நீ வெடித்தாய். "எல்லாரும் டிவியப் பாக்கீங்க. அவ மூஞ்சிய யாரு பாக்கா?"

அதற்குப் பிறகு ஒவ்வொரு ரோபோ ஆபரேஷனிலும் தலைமாட்டில் திரைக்கு முதுகைக் காட்டி, துணிக்கடியில் கன்னத்தோரம் கையை வைத்துக்கொண்டு நின்றாய். மேட்ரன் முணுமுணுத்தார். "படம் பிடிக்கலையா சிஸ்டர்?" என்று பையன்கள் கேலி செய்தார்கள். சிரித்தவர்களில் நானும் உண்டு.

அப்புறம் உனக்கே கர்ப்பப்பையை எடுக்க வேண்டி வந்தது. ரோபோவில் செய்தால் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்றார் டாக்டர். ஸ்கேன் ரிப்போர்ட்டை நம்பவில்லை, டாக்டரை நம்பவில்லை, கடைசியில் வலி தாங்காமல் ஒத்துக்கொண்டாய். முந்தின நாள் வார்டில் என் மணிக்கட்டைப் பிடித்தாய்.

"நாளைக்குத் தலைமாட்டுல நீதான் நிக்கணும். டிவியத் திரும்பிப் பாக்கக் கூடாது."

"பாக்க மாட்டேன்."

"மிஷின் கட்சிக்காரிய எப்படி நம்புறது? சத்தியம் பண்ணுட்டி."

உன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

நீ தூங்கிப் போனாய். கைகளைப் பொருத்தினார்கள். ஸ்பீக்கரில் டாக்டர் வழக்கம்போல் பேசிக்கொண்டிருந்தார். ஒருதரம் கேமராக் கை இறங்கி என் விரல் முட்டியில் இடித்தது. 'கை, கை' என்று நான் கத்தியதும் உயர்த்தினார். நான் இல்லாவிட்டால் அது உன் கன்னம்.

கொஞ்ச நேரத்தில் டாக்டர், "தாம்பா" என்றார். மராத்தியில் நிறுத்தச் சொன்னார். பிறகு ஸ்பீக்கரில் பேச்சே இல்லை. என் எதிரில் நின்றிருந்த சின்ன சிஸ்டர் திரையைப் பார்த்தாள், பிறகு உன்னைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். என்னவோ இருக்கிறது என்று புரிந்துவிட்டது. என்ன, எவ்வளவு என்று திரும்பிப் பார்க்கத் துடித்தேன். ஆனால் உன் கன்னத்தின் சூட்டில் என் கை இருந்தது. எனக்கு அழுகை வந்தது, முகமூடிக்குள்ளேயே அழுதேன்.

சாயங்காலம் வார்டில் உனக்கு எல்லோர்மேலும் சந்தேகம். டாக்டர் அளவுக்கு மீறி அன்பாகப் பேசிவிட்டுப் போனார், வீட்டுக்காரர் கண்ணைப் பார்க்காமல் ஹார்லிக்ஸ் ஆற்றினார், மேட்ரன்கூடத் தலையணையைச் சரிசெய்தார். எல்லாவற்றையும் நீ கவனித்துக்கொண்டிருந்தாய். என் முறை வந்தது.

"டிவியப் பாத்தியா?"

"பாக்கல."

என் முகத்தையே உற்றுப் பார்த்தாய். பிறகு, "எல்லாரும் உள்ள என்னமோ பாத்துட்டு வந்து நிக்காவ. நீ என்னத்தப் பாத்த?" என்றாய்.

"ஒன் மூஞ்சியத்தான். தூக்கத்துலயும் கோவமா இருந்த."

தையல் வலிக்க வலிக்கச் சிரித்தாய். அதற்குப் பிறகு நீ இருந்த சில மாதங்களில், டாக்டர் சொன்ன ஒவ்வொன்றையும் இன்னொரு டாக்டரிடம் போய்க் கேட்டாய். மாத்திரை அட்டையைக்கூட வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். நான் பார்க்கவில்லை என்று சொன்னதை மட்டும் நீ யாரிடமும் விசாரிக்கவேயில்லை.