பெயரைச் சொல், பெர்மெத்

மேல் கணவாய் முகாம்,
திங்கட்கிழமை

பெர்மெத்துக்கு,

நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். முக்கியமானதை முதலில் எழுதிவிட வேண்டும். ரொட்டி லாரி கூபாத் இப்போதே இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டு, ஹாரனை அடித்துக்கொண்டிருக்கிறான். இந்த முகாமில் போன் எடுக்காது என்பது உனக்குத் தெரியும். ஆகவே காகிதம்தான் கதி.

நகரத்தில் நடந்த நேர்காணலைப் பற்றி நீ எழுதியதை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கோபம் வந்தது. இரண்டாம் முறை இன்னும் அதிகமாக வந்தது. அந்த அதிகாரிகள் மீதா, உன் மீதா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

நீ எழுதியதையே உனக்குத் திருப்பிச் சொல்கிறேன், கேள். மேசையைச் சுற்றி நாற்காலிகள் காலியாக இருந்தும் கதவோரத்து ஸ்டூலில் போய் உட்கார்ந்தாய். வீட்டில் மருமகள் உட்காரும் இடம் அதுதானே. மேசையில் டீக்கெண்டி இருந்தது. இருந்தவர்களில் இளையவள் நீதான் என்று எழுந்துபோய் எல்லோருக்கும் ஊற்றினாய். கேட்டதற்கெல்லாம் தரையைப் பார்த்துப் பதில் சொன்னாய். நாங்கள் செய்தோம், நாங்கள் பார்த்துக்கொண்டோம் என்றாய். யார் அந்த நாங்கள்? நம் ஊர் மின்நிலையத்தில் உன் ஷிப்டில் உன்னைத் தவிர ஒரு பூனைதான் இருந்தது.

அதுகூடப் போகட்டும். உன் மேலதிகாரி யார் என்று கேட்டார்கள். பெரியவர் என்றாய். எந்தப் பெரியவர் என்றார்கள். எங்கள் வீட்டுப் பெரியவர் என்றாய். அவருக்குப் பெயர் கிடையாதா என்றதும் வாயை மூடிக்கொண்டாய். ஓரத்தில் இருந்த மீசைக்காரர், "அப்ப வீட்டுக்குப் போயி மாமனாருக்கு ஊத்தும்மா. இங்க நாங்களே ஊத்திக்கிறோம்" என்றாராம். நீ அதற்கும் சிரித்துவிட்டு எழுந்து வந்தாயாம்.

மாமனார், கொழுந்தன் பெயரை மருமகள் சொல்லக் கூடாது, சரி. அம்மா இந்த வயதிலும், செத்துப்போன தாத்தாவின் பெயரைச் சொல்வதில்லை. நீ என் தம்பிக்கு 'வெள்ளைக் கைக்காரர்' என்று மாற்றுப்பெயர் வைத்தபோது நானும் ரசித்தேன். ஒரு நாளும் வேலை செய்து அழுக்காகாத கை அது. வீட்டில் இதெல்லாம் அழகு. ஆனால் மீசைக்காரர் கேட்டதில் ஒரு நியாயம் இருக்கிறது. கன்ட்ரோல் ரூமில் ஒரு சுவிட்சைப் போடு என்று உத்தரவு வந்தால், சொல்பவர் பெயரும் கேட்பவர் பெயரும் வாய்விட்டு வர வேண்டும். அதற்குப் பிறகுதான் கை நகரலாம். பெயர் சொல்லக் கூசுகிறவளிடம் லட்சம் வீட்டு மின்சாரத்தை எவன் கொடுப்பான்? நானே கொடுக்க மாட்டேன்.

சார்கோல் அணை மின்நிலையக்காரர்கள் வியாழக்கிழமை கூப்பிட்டிருப்பது கடைசி வாய்ப்பு. நம் ஊர் நிலையத்தை வசந்தத்தில் மூடிவிடுவார்கள். அப்பாவுக்கு ஓய்வூதியம் உண்டு. உனக்கு என்ன உண்டு? மாடுகள் உண்டு. பால் வாளிக்குள் வோல்டேஜ் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று போன மாதம் நீ எழுதியது சிரிப்பதற்காக அல்ல என்று எனக்குப் புரிந்தது.

ஆகவே, மேசையருகே உட்கார். கெண்டியைத் தொடாதே. தாகம் எடுத்தவர் ஊற்றிக்கொள்வார். கேட்பவர் முகத்தைப் பார்த்துப் பேசு. முகத்தைப் பார்ப்பது மரியாதைக்குறைவு என்றால் நெற்றியைப் பார், அவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. தெரியாத கேள்விக்குத் தெரியாது என்று சொல்லிவிடு.

டிரான்ஸ்பார்மர் சங்கதியைக் கட்டாயம் சொல். நவ்ரூஸ் பண்டிகையன்று அது தானாகத் துண்டித்துக்கொண்டது. ஊரே அடுப்பில் பானையை வைத்துவிட்டு மின்சாரம் எங்கே என்று கத்தியது. அப்பா பிரேக்கரைத் திரும்பப் போடச் சொன்னார். நீ டிரான்ஸ்பார்மருக்குள் சேர்ந்திருந்த வாயுவைக் குழாயில் பிடித்து, தள்ளி எடுத்துப் போய்த் தீக்குச்சி கிழித்தாய். நீலமாக எரிந்தது. அப்படி எரிந்தால் உள்ளே எண்ணெய் வெந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். போட மாட்டேன் என்று சாவியைப் பாவாடைப் பையில் போட்டுக்கொண்டாய். அன்று போட்டிருந்தால் பானைக்குப் பதில் நிலையம் வெந்திருக்கும். இதைவிடப் பெரிய தகுதி எந்தச் சான்றிதழில் இருக்கிறது?

ஆனால் இதைச் சொல்ல வேண்டுமென்றால் உத்தரவு போட்டவரின் பெயரையும் சொல்லியாக வேண்டும். தொக்தோசுன் அசானோவிச். அவ்வளவுதான். கொட்டகையில் நின்று மாடுகளிடம் சொல்லிப் பழகு. அவை யாரிடமும் போய்ச் சொல்லாது.

அப்பாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? அம்மாவுக்கு இருமல் நின்றதா? நம் பயல் எல்தார் இன்னும் பூனையின் வாலைப் பிடித்து இழுக்கிறானா? கூபாத் கத்துகிறான்.

அவசரத்தில்,
மெதெர்

*

மேல் கணவாய் முகாம்,
செவ்வாய்க்கிழமை

பெர்மெத்துக்கு,

உன் துண்டுச்சீட்டு வந்தது. எழுதியிருப்பதே மூன்று வாக்கியம். அதில் ஒன்று என் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது.

அப்பாவே காரில் கூட்டிப்போகிறாராமே. மருமகளை அந்நியர்களோடு வாடகைக் காரில் அனுப்ப நான் இன்னும் சாகவில்லை என்றாராமே. அறைக்கு வெளியிலேயே உட்கார்ந்திருப்பாராம். சார்கோல் அலுவலகத்துக் கதவுகளை நான் பார்த்திருக்கிறேன். ஒட்டுப்பலகைக் கதவுகள். உள்ளே பேனா விழுந்தால் வெளியே கேட்கும். தலைமையில் இருக்கும் ரைசா இமானோவ்னாவுக்கோ அணை மதகைத் தாண்டிக் கேட்கிற குரல்.

நான் மாடுகளிடம் பழகச் சொன்னேன். அப்பாவின் காதுக்கு எட்டும் தூரத்தில் சொல்லச் சொல்லவில்லை.

ஒன்று செய். பெயரை மட்டும் சொல், டிரான்ஸ்பார்மர் கதையை விட்டுவிடு. இல்லை, கதை இல்லாமல் வெறும் பெயரை வைத்து என்ன செய்வது? கதையைச் சொல், உத்தரவு போட்டது யார் என்பதை விட்டுவிடு. அதுவும் சரிவராது. யார் போடச் சொன்னார்கள் என்று அந்த அம்மாள் கேட்காமல் விட மாட்டார். காலையிலிருந்து இப்படியே எழுதி எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். மின்கம்பிக் கோபுரத்தின் போல்ட்டுகளை இறுக்கிப் பார்க்கலாம் என்று பனியில் கிளம்பினேன். மேஸ்திரி கூப்பிட்டு, நேற்றுத்தானே இறுக்கினோம், போல்ட்டு என்ன முளைக்குமா என்று கேட்டார். திரும்பி வந்துவிட்டேன்.

அப்பாவை உனக்குத் தெரியும், எனக்கு உன்னைவிடத் தெரியும். ஒரு விருந்தில், சேணத்தின் வாரைப் பற்றி அவர் சொன்னதைப் பக்கத்து வீட்டுக்காரர் திருத்திவிட்டார். அந்த மனுஷரோடு அப்பா இன்றுவரை ஒரு தட்டில் கை வைத்ததில்லை. அது வெறும் வார். இது அவர் நடத்திய நிலையம். திருத்துவது அவர் மருமகள். அதுவும் அவர் பெயரைச் சொல்லி.

அந்த வீட்டில் இருக்க வேண்டியது நீ. வேலையும் கிடைக்காமல் அவர் முகமும் திரும்பிவிட்டால், கதவோரத்து ஸ்டூல்கூட உனக்குக் குளிர்ந்துபோகும். நான் இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு சொல், சொல் என்று எழுதுவது சுலபம்.

கணவாயை மூடப்போகிறார்கள் என்று சொல்லி, கூபாத் காலையிலேயே இறங்கிப் போய்விட்டான். இது வியாழனுக்குள் உன் கைக்கு வராது. தெரிந்தேதான் எழுதுகிறேன். சும்மா உட்கார முடியவில்லை.

உனக்கு எது சரியென்று படுகிறதோ அதைச் செய். அன்று தீக்குச்சி கிழித்தபோது யாரைக் கேட்டாய்?

மெதெர்

*

மேல் கணவாய் முகாம்,
ஞாயிற்றுக்கிழமை

பெர்மெத்துக்கு,

கணவாய் திறந்துவிட்டது. கூபாத் நேற்று மாவு மூட்டைகளோடு வந்து சேர்ந்தான். உன் கடிதத்தைக் கொடுத்தான். நான்கு வரி! வேலை கிடைத்தது, ஒன்றாம் தேதி சேர வேண்டும், எல்தாருக்குச் சளி இல்லை, கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன். இவ்வளவு நாள் பனிக்குள் கிடந்தவனுக்கு நான்கு வரி.

நல்லவேளையாக, கூபாத் நம் வீட்டில் டீ குடித்திருக்கிறான். அப்பா அவனுக்கு முழுக் கதையையும் இரண்டு தடவை சொல்லியிருக்கிறார். அவன் ராத்திரிச் சாப்பாட்டில் முகாமுக்கே நடித்துக் காட்டிவிட்டான். ஆகவே நீ மறைத்தது எதுவும் என்னிடம் மறைந்திருக்கவில்லை.

நீ மேசையருகே உட்கார்ந்தாயாம். கெண்டியைப் பார்க்கவே இல்லையாம். நீ வேலை பார்த்த நிலையத்துக்கு யார் தலைமை என்று ரைசா இமானோவ்னா கேட்டாராம்.  வெளியே அப்பா தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, அரைத் தூக்கத்தில், பெண்ணுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது என்று நினைத்தாராம். அப்புறம் உன் குரல் வந்திருக்கிறது. தொக்தோசுன் அசானோவிச். பட்டாளத்தில் பேர் கூப்பிடுகிற மாதிரி முழுசாக.

அப்பா பட்டாளத்துக்காரர்தானே. தூக்கக் கலக்கத்தில் துள்ளி எழுந்து, "இதோ இருக்கேன்" என்று கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய் நின்றுவிட்டாராம்.

கூபாத் இந்த இடத்தில் சூப்புக் கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டான். அவ்வளவு சிரிப்பு. நான் சிரிக்கவில்லை. 

யார் நீங்கள் என்று அந்த அம்மாள் கேட்டாராம். இப்போது கூப்பிட்டீர்களே, அவன்தான் என்றாராம் அப்பா. சரி உட்காருங்கள் என்று அந்த அம்மாள் கையைக் காட்டிய இடம் கதவோரத்து ஸ்டூல். என் அப்பா, கதவோரத்து ஸ்டூலில்! நீ மேசையில். இதை நேரில் பார்க்காமல் நான் இங்கே கம்பி இழுத்துக்கொண்டிருந்தேன்.

நீ அத்தோடு நிறுத்திவிடுவாய் என்று அப்பா நினைத்தாராம். நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். உன் காது சிவந்துவிட்டதாம். சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாயாம்: "தொக்தோசுன் அசானோவிச் பிரேக்கரைப் போடச் சொன்னாரு. நான் போட மாட்டேன்னேன்."

அந்த அம்மாள் அப்பாவைத் திரும்பிப் பார்த்து, இது உண்மையா என்று கேட்டாராம்.

அப்பா சொன்னதைக் கூபாத் சொன்னபடியே எழுதுகிறேன். அதுவரை ஆடிக்கொண்டிருந்தவன் அந்த இடத்தில் மட்டும் குரலை இறக்கிக்கொண்டான். "பொண்ணு பாதிதான் சொல்லுது. நான் கழுதைன்னும் திட்டினேன், அதையும் எழுதிக்குங்க. நீலமா எரிஞ்சதை என் கண்ணால பார்த்தேன். பார்த்தப்புறமும் போடுன்னுதான் சொன்னேன். சாவி அவகிட்ட இருந்துது, அதனால இன்னைக்கு இங்க உக்காந்திருக்கேன்."

டீயை ரைசா இமானோவ்னாவே ஊற்றினாராம். முதல் கிண்ணம் உனக்கு.

திரும்பி வரும் வழியெல்லாம் அப்பா ரோட்டை மட்டுமே பார்த்து ஓட்டினாராமே. அந்த நேரம் உனக்கு எப்படிப் போயிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன், உட்கார முடியாமல் வெளியே போய் நின்றேன். கடைசியில் கணவாய் அடிவாரத்து டீக்கடையில் லக்மான் நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்துவிட்டு, "நிலையத்துல என் பேரைச் சொல்லிக்கோ. வீட்டுல மட்டும் வேண்டாம். உங்க அத்தைக்கு நெஞ்சு அடைச்சிடும்" என்றாராம். எல்லோருக்கும் சொல்லியிருக்கிறார், பெர்மெத். கூபாத்திடம், டீக்கடைக்காரனிடம், சேணத்து வார் பக்கத்து வீட்டுக்காரரிடம்கூட. அவரோடு ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாராம். என்னிடம்தான் ஒரு வரி எழுதவில்லை. எழுத மாட்டார். பரவாயில்லை.

இப்போது என் விஷயம். சார்கோலிலும் ரிலே வேலைக்கு, அதாவது நான் இங்கே பார்க்கும் துண்டிப்புக் கருவி வேலைக்கு, ஆள் தேடுகிறார்களாம், கூபாத் அறிவிப்பைப் பார்த்திருக்கிறான். விண்ணப்பத்தை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன், கொடுத்துவிடு. எனக்காக ஒரு வார்த்தையும் பேசாதே, நானே வந்து பேசுகிறேன். எனக்கும் அதே அறைதான், அதே ரைசா இமானோவ்னாதான். என் வாய் நீளம் என்று உனக்குத் தெரியும். எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று நீதான் எனக்கு எழுதவேண்டும், நான்கு வரிக்கு மேல்.

கிடைத்தால், நீ கன்ட்ரோல் ரூமில் இருப்பாய், நான் வெளியே யார்டில் இருப்பேன். போனை எடுத்து நீ உத்தரவு சொல்லும்போது என் பெயரைச் சொல்லியாக வேண்டும். விதி அப்படி.

உன் கடிதத்தின் தலையில் எப்போதும் போல 'எல்தாரின் அப்பாவுக்கு' என்று இருக்கிறது. உறையில் 'ரிலே வேலை பார்ப்பவருக்கு'. எல்தார் பிறப்பதற்கு முன் இதுவும் கிடையாது, 'வணக்கம்' என்று தொடங்கிவிடுவாய். கல்யாணமான நாளிலிருந்து உன் வாயிலோ கையிலோ என் பெயர் வந்ததில்லை. நான் கேட்டதும் இல்லை. அப்பாவின் பெயரை ஊர் கேட்கச் சொல்லிவிட்டாய். கூபாத் அதைச் சொன்னபோது சந்தோஷத்தோடு எனக்குக் கொஞ்சம் பொறாமையும் இருந்தது.

முதல் ஷிப்டில் உன் கை நடுங்காமல் இருக்கட்டும். மீட்டர்கள் உனக்கு அடங்கி நிற்கட்டும். இரவு ஷிப்ட் முடிந்து வரும்போது காதை மூடிக்கொண்டு வா, அணைக் காற்று பொல்லாதது.

கூபாத் புதன்கிழமை நம் வீட்டு வழியாக வருவான். வாயால் சொல்ல வேண்டாம், அதற்கு விதி இருக்கிறது, தன்னால் நடக்கும். அதற்கு முன் ஒரு தடவை, உறையின் மேல், ரிலே வேலை பார்ப்பவர் இருக்கும் இடத்தில் எழுதி அனுப்பு. உள்ளே ஒன்றும் எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

உன்
மெதெர்