பட்டன் மூன்று

8 ஜூலை 1996

மெடிசின் இன்டர்னல் வைவாவில் ஃபெயில். கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் தெரியும். வாயைத் திறக்கவில்லை. இங்கிலீஷ் வாக்கியத்தை மனதுக்குள் கட்டி முடிப்பதற்குள் வேதாசலம் சார் அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்.

"அமலராணி, டிசம்பர் எக்ஸாம்லயும் இப்படி ஊமையா நின்னா ஒரு வருஷம் போச்சும்மா" என்றார்.

அதற்கும் நான் பதில் சொல்லவில்லை.

15 ஜூலை

லெக்சர் ஹாலில் ஆளுக்கொரு பெட்டி வைத்திருக்கிறார்கள். சோப்பு டப்பா அளவு, நான்கு பட்டன், மேஜைக்கடியில் வயர். சார் கேள்வி கேட்டு நான்கு விடை போடுவார். நாங்கள் அழுத்தினால், எந்த விடைக்கு எத்தனை பேர் என்று முன்னால் போர்டில் சிவப்பு எண் எரியும். யார் அழுத்தியது என்று காட்டாது. பிரின்சிபால் வெளிநாட்டில் பார்த்துவிட்டு வந்தாராம். பக்கத்து சீட் ரமா தன் பெட்டிக்கு ஸ்டிக்கர் பொட்டு வைத்துவிட்டாள்.

16 ஜூலை

இன்று நான் அழுத்தியது எல்லாமே சரி. வாயே திறக்காமல்! பெட்டியைக் கட்டிப் பிடிக்கலாம் போல இருந்தது. வயர் இடிக்கும்.

5 ஆகஸ்ட்

இன்றைய கேள்வி: ஐம்பது வயது, பீடி குடிப்பவர், வந்து 'வாயு' என்கிறார். வேறொன்றும் சொல்லவில்லை. முதலில் என்ன செய்வீர்கள்?

வகுப்பே சிரித்துக்கொண்டு முதல் பட்டனை அழுத்தியது: அசிடிட்டி மருந்து. மூன்றாவது, ஈசிஜி. அதற்கு நேராக '1' என்று எரிந்தது. அந்த ஒன்று நான்.

இரும்புலியூரில் எங்கள் தெருவில், தொண்டைக்குக் கீழே எது வலித்தாலும் வாயுதான். எல்லம்மா அக்கா வீட்டுக்காரரும் வாயு என்றுதான் சொன்னார். ஓமத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தார். எழுந்திருக்கவில்லை.

"மூணுதான் கரெக்ட். யாருப்பா அந்த ஒருத்தர்? எழுந்திரிங்க" என்றார் சார்.

நான் என் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அசரியா எழுந்தான். எங்கள் வகுப்புதான்; ஊட்டி போர்டிங் ஸ்கூலில் படித்தவன், இங்கிலீஷ் தண்ணீர் மாதிரி வரும்.

"ஏன் ஈசிஜி?"

"கிளினிகல் இன்ட்யூஷன், சார்."

உள்ளுணர்வாம்! எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். சீ! என்ன ஜென்மம் நான்?

6 ஆகஸ்ட்

ரமாவிடம் சொன்னேன். "அது நீயா? அப்ப ஏண்டி கல்லு மாதிரி உட்கார்ந்திருந்த?"

நாலு விடை போட்டுக் கேட்டிருந்தால் அழுத்தியிருப்பேன்.

22 ஆகஸ்ட்



ஓ.பி.யில் குன்றத்தூர் குப்பன் என்பவர், லாரியில் மூட்டை ஏற்றுகிறவர், பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருந்தார். "இன்ட்யூஷன், நீ பாரு" என்று அசரியாவிடம் சொல்லிவிட்டு சார் பக்கத்து நோயாளியிடம் போய்விட்டார்.

"வாயு புடிச்சுகினு ஒரே பேஜாரா கீது டாக்டரு. சோடா குடிச்சும் கேக்கல."

அசரியா அவர் வயிற்றை அமுக்கிப் பார்த்தான். "கேஸ்ட்ரைட்டிஸ், சார். மருந்து குடுத்து அனுப்பிடலாம்."

சார் அந்தப் பக்கம் பார்த்தபடியே தலையாட்டினார். அன்றைக்கு மூன்றை உண்மையிலேயே அழுத்தியிருந்தால் அசரியாவுக்கு ஞாபகம் இருந்திருக்கும்.

"ஐயோ, அனுப்பாதீங்க சார்! வாயுன்னா எங்க பக்கம் நெஞ்சுவலியும்தான். ஈசிஜி எடுங்க சார்!"

ஓ.பி. மொத்தமும் திரும்பிப் பார்த்தது. கத்தியிருக்கிறேன். தமிழில்.

"இங்கிலீஷ்ல சொல்லும்மா" என்றார் சார்.

"அவரு தமிழ்லதானே சார் சொன்னாரு?"

இதைச் சொன்னது நானா?

ஈசிஜி எடுத்தார்கள். சார் தாளைப் பார்த்தார். ஸ்ட்ரெச்சரை அவரே பிடித்துத் தள்ளிக்கொண்டு ஐ.சி.யூ.வுக்கு ஓடினார்.

23 ஆகஸ்ட்

குப்பன் பிழைத்துக்கொண்டார். பீடி கேட்கிறாராம்.

9 செப்டம்பர்

எலி வயரைக் கடித்துவிட்டது. பெட்டிகள் எல்லாம் அவுட். ரமா தன் பொட்டை உரித்து எடுத்துக்கொண்டாள்.

"பழையபடி கையைத் தூக்குங்க" என்று சொல்லிவிட்டு சார் கேள்வி கேட்டார். அசரியா நோட்டில் எதையோ மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தான்.

ஒரே ஒரு கை. யாருடையது என்று இந்தத் தடவை சார் கேட்கவில்லை.