மூழ்கியவர்களின் சுவர்

தீப்ஸ், மேற்குக் கரை
ஆறாம் ஆட்சியாண்டு, விதைப்புக் காலம், முதல் மாதம்

அன்புள்ள ஹெனுத்துக்கு,

கெனா எழுதுவது. நீ நல்ல உடம்போடு இருக்க வேண்டும் என்று தினமும் அமூனிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உன் அண்ணன் ஹோரி இதை உனக்குப் படித்துக் காட்டுவார். அவருக்கு என் வணக்கம்.

முன்பு எழுதிய கடிதங்களுக்குப் பதில் இல்லை. வருத்தமில்லை என்றால் பொய். நம் மகன் இபூய் ஆற்றோடு போய், உடம்புகூடக் கிடைக்காமல் நாம் நின்றோம். அந்த நிலையிலும் நான் அரசரின் கல்லறையில் படம் எழுதப் போனதை உன்னால் தாங்க முடியவில்லை. "ஊரான் சாவுக்கு வீடு அலங்கரிக்கிறீங்க. உங்க பிள்ளைக்கு ஒரு குழி உண்டா?" என்று கேட்டுவிட்டு அபிதோஸில் உன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாய்.

இப்போது உள்ளறைச் சுவரில், சூரியன் இரவில் கடக்கும் வழியை எழுதுகிறோம். அதில் ஒரு பெரிய நீர்நிலை. மல்லாந்தும் குப்புறவும் மனிதர்கள் மிதக்கிறார்கள், எல்லோரும் மூழ்கிப்போனவர்கள். முன்பும் வேறு கல்லறைகளில் எழுதிய காட்சிதான், கோடு நேராக இருக்கிறதா என்று பார்த்ததோடு சரி. இந்த முறை பக்கத்தில் இருந்த எழுத்தைப் படித்தேன். ஹோரஸ் கடவுள் கரையில் தடியூன்றி நின்று அவர்களிடம் பேசுகிறார். உங்களுக்கு மூச்சு உண்டு, உங்கள் உடல் அழுகாது, கரையேறுங்கள் என்கிறார். சடலத்துக்குத் துணி சுற்றப்படாதவர்களை, பெட்டி கிடைக்காதவர்களைக் கூப்பிடுகிறார், ஹெனுத்! தூரிகையை வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

இதை உனக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. வேறொன்றும் இல்லை.

உன் கெனா

*

அபிதோஸ்
விதைப்புக் காலம், இரண்டாம் மாதம்

உங்களுக்கு,

ஹெனுத் சொல்ல அண்ணன் எழுதுவது. இந்த ஊர்க் கடவுள் ஒசைரிஸ் உங்களுக்குத் துணையிருக்கட்டும்.

அந்தச் சுவர் அரசருக்கானது. நாளைக்கு மூடி முத்திரை வைத்துவிடுவார்கள். கடவுள் கூப்பிடுகிறார் என்றே வைத்துக்கொள்வோம். ஆற்றில் போனவர்கள் எத்தனை பேர்! அதில் நம்மவனை எப்படித் தெரியும்? பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே மூன்றாவது தடவைதானே எழுந்திருப்பான்.

இங்கே யாத்திரை வருகிறவர்கள் கோயில் பாதையோரம் தங்கள் செத்தவர்களுக்குக் கல் நடுகிறார்கள். நாமும் ஒன்று வைப்போம் என்று அண்ணன் சொல்லிப் பார்த்தார். நட்டால் அவன் செத்தவன் ஆகிவிடுவான். நடாவிட்டால் சோறு தண்ணியில்லாமல் அலைவான். கல்வெட்டுகிறவர் வாசல்வரை போய்த் திரும்பி வந்துவிட்டேன்.

பக்கத்து வீட்டுக்காரி சுடும் ரொட்டிதான் சாப்பிடுகிறீர்களாம். அவள் மாவைச் சரியாகச் சலிக்கமாட்டாள். பல் பத்திரம்.

ஹெனுத்

*

தீப்ஸ், மேற்குக் கரை
விதைப்புக் காலம், மூன்றாம் மாதம்

அன்புள்ள ஹெனுத்,

உன் கடிதம் வந்த அன்றே பூசாரியைப் போய்ப் பார்த்தேன். உடம்பு இல்லாதவனுக்கு மரத்தில் உருவம் செய்து பெயரைப் பொறித்து வைத்தால், உயிர் அதில் வந்து தங்கும், படைப்பதை உண்ணும் என்றார். முகம் மட்டும் அவன் முகமாக இருக்க வேண்டுமாம்.

நல்ல அத்திக்கட்டை கிடைத்தது. செதுக்கவும் தொடங்கினேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். வாழ்நாள் முழுக்க ஒரே அழகான முகத்தை எல்லோருக்கும் எழுதி எழுதி, கை அதைத்தான் செய்கிறது. எதிர்வீட்டு நெப்ரே வந்து பார்த்தான். "யாருப்பா இது, வரி வாங்க வந்த அதிகாரியா?" என்றான். சிரித்துவிட்டேன். அவன் போன பிறகுதான் உறைத்தது: என் மகன் முகம் எனக்குக் கோடுகோடாக நினைவில் இல்லை.

நீ சொல். நான் செதுக்குகிறேன்.

கெனா

*

அபிதோஸ்
விதைப்புக் காலம், நான்காம் மாதம்

உங்களுக்கு,

இடது காது கொஞ்சம் வெளியே தள்ளியிருக்கும். பிறந்தபோது அந்தப் பக்கமே படுக்க வைத்தேன் என்று உங்கள் அம்மா என்னைத்தான் திட்டினார். முன்பல்லில் ஒரு மூலை உடைந்திருக்கும். புருவம் இரண்டும் ஒரே உயரம் இல்லை. வேடிக்கையாக ஏதாவது சொல்ல வந்தால், சொல்லி முடிக்கும் முன்பே தானே சிரித்துவிடுவான். அதற்கு முன் கீழுதடு ஒரு பக்கம் இழுக்கும். அது வர வேண்டும். அழகாகச் செய்துவிடாதீர்கள்.

இதைச் சொல்லும்போது நானும் சிரித்தேனாம். அண்ணன் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

செத்த அப்பன் மறுபடி உண்ணவும் பேசவும் கேட்கவும் மகன்தானே வாய் திறக்கும் சடங்கு செய்வான்? இவனுக்கு யார்?

ஹெனுத்

*

தீப்ஸ், மேற்குக் கரை
அறுவடைக் காலம், முதல் மாதம்

அன்புள்ள ஹெனுத்,

உதடு வந்துவிட்டது. எப்படி வந்தது என்று கேட்காதே. இந்த முறை நெப்ரே வாசலிலேயே நின்றுவிட்டான். "இபூய்" என்றான்.

ஊரில் சிலருக்குப் பிடிக்கவில்லை. உடம்பே இல்லாதவனுக்கு என்ன சடங்கு, தகப்பன் மகனுக்குச் செய்வது எந்த ஊர் வழக்கம் என்கிறார்கள். பூசாரி அவர்களிடம் ஒன்றுதான் கேட்டார்: "அவன் பசியோட இருந்தா உங்களுக்குப் பரவாயில்லையா?" அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

நம் குடும்பக் கல்லறையில் இடம் ஒதுக்கிவிட்டேன். வாய் திறக்கும் உளியை அவன் உருவத்தின் உதட்டில் நானே வைக்கப்போகிறேன். வா என்று சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா தெரியவில்லை. பள்ளத்தாக்குத் திருவிழாவில், எல்லோரும் தங்கள் செத்தவர்களோடு உட்கார்ந்து சாப்பிடும் அன்று காலையில் சடங்கு.

கெனா

*

அபிதோஸ்
அறுவடைக் காலம், இரண்டாம் மாதம்

உங்களுக்கு,

நேற்று ஆற்றுக்குப் போனேன். இத்தனை நாளும் குடத்துத் தண்ணீரைக்கூட முகம் திருப்பிக்கொண்டுதான் மொண்டேன். நேற்று முழங்கால்வரை இறங்கி நின்று அவன் பெயரைச் சொன்னேன். மூன்று தடவை. சொன்னால் செத்துவிடுவேன் என்று நினைத்திருந்தேன். சாகவில்லை. பசித்தது.

அவன் காது திறந்ததும் முதலில் கேட்பது உங்கள் தொண்டைக் கரகரப்பாக இருந்தால் பயந்துவிடுவான். என் குரல் இருக்க வேண்டும். நான் வரும்வரை உளியைத் தொடாதீர்கள்.

உங்களை நேரில் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது. அதனால்தான் அண்ணனிடம் சொல்லி எழுதி வாங்கிக்கொண்டேன்.

ஹெனுத்

மைத்துனருக்கு ஹோரி எழுதுவது: இதை வேறு யாரிடமும் கொடுத்தனுப்பவில்லை. கொண்டு வந்து உங்கள் கையில் கொடுத்தவள் வாசலில்தான் நிற்கிறாள். இரண்டாம் தடவை படித்துக்கொண்டிருக்காமல் உள்ளே கூப்பிடுங்கள்.